டீச்சர் ஆரம்பித்த சொல்

சமயநல்லூர்,
27.7.2025, ஞாயிறு.

அன்பு மகள் ஆர்த்திகாவுக்கு,

அம்மா எழுதிக்கொள்வது. தினமும் போனில் பேசுகிறவள் எதற்குக் கடிதம் போடுகிறாள் என்று பயந்துவிடாதே. இங்கே எல்லோரும் நன்றாகத்தான் இருக்கிறோம். அப்பாவுக்குச் சர்க்கரை குறைந்திருக்கிறது. உன் தம்பி பீமாராவ் காலேஜ் கபடி டீமில் சேர்ந்து, முதல் நாளே முழங்காலைத் தேய்த்துக்கொண்டு வந்து நிற்கிறான். போனில் என்றால் நானே பேசிக்கொண்டிருப்பேன், உன்னைப் பேச விடமாட்டேன். கடிதம் என்றால் உறையை ஒட்டிய பிறகு நான் வாயை மூடிக்கொண்டு இருந்துதானே ஆக வேண்டும்? அதற்காகத்தான் இது.

சொல்ல வேண்டியது இரண்டு. ஒன்று என் ஆராய்ச்சி. இன்னொன்று, ஆவணி முதல் முகூர்த்தத்தில் உனக்கு வைத்திருக்கிற நிச்சயதார்த்தம். இரண்டும் வேறு வேறு இல்லை என்று போன சனிக்கிழமைதான் எனக்குத் தெரிந்தது. நிச்சயம் நடக்கலாமா கூடாதா என்பதே இந்தக் கடிதத்தில்தான் இருக்கிறது. அதனால் ஆபீஸ் வேலைக்கு நடுவில் படிக்காமல், ரூமுக்குப் போய் உட்கார்ந்து படி. முதலில் ஆராய்ச்சியைச் சொல்லிவிடுகிறேன், இல்லாவிட்டால் எனக்குத் தலை வெடித்துவிடும்.

நான் பார்ட் டைம் பிஎச்.டி.க்குப் பதிந்தபோது, ஐம்பது வயதில் உனக்கு எதற்கும்மா என்று நீயும் தம்பியும் சிரித்தீர்கள். நீங்கள் சிரித்த சிரிப்புக்கே முடித்துக்காட்ட வேண்டும் என்று வைராக்கியம் வந்தது. கணக்கு வகுப்பில் பிள்ளைகள் எவ்வளவு பங்கெடுக்கிறார்கள் என்பதுதான் தலைப்பு. இதை எடுத்ததில் உள்ளுக்குள் எனக்கு ஒரு கர்வமும் உண்டு. ஏழாம் வகுப்பில் நான் பாடம் எடுத்தால் ரோட்டில் போகிறவர்களுக்குக் கேட்கும், பிள்ளைகள் அப்படி ஒரே குரலில் பதில் சொல்வார்கள். பார்வையிட வருகிற அதிகாரிகள் என் வகுப்பு வாசலில் நின்று, “வகுப்புன்னா இதுதாங்க வகுப்பு” என்று சொல்லிவிட்டுப் போயிருக்கிறார்கள். அந்தச் சத்தத்தை எண்ணிக் காட்டியே பட்டம் வாங்கிவிடலாம் என்று கணக்குப் போட்டேன். கணக்கு டீச்சர் போட்ட கணக்கு!

ஜூனில் பள்ளிக்கூடம் திறந்ததும் என் போனை ஜன்னலில் வைத்துப் பத்துப் பாடவேளையைப் பதிவு செய்தேன். பிறகு அதைக் கேட்டுக் கேட்டு, யார் என்ன சொன்னார்கள் என்று வார்த்தை விடாமல் தாளில் எழுத வேண்டும். என் காது எனக்குச் சாதகமாகத்தானே கேட்கும், அதனால் இன்னொருவரும் தனியாக உட்கார்ந்து எழுத வேண்டும் என்பது விதி. அறிவியல் சார் அசோக்குமார் என்னிடம் மாட்டிக்கொண்டார். பாவம், என் குரலைக் கேட்டுக் கேட்டு அவர் கனவில்கூட நான்தான் வருகிறேனாம், அதுவும் பிரம்போடு. பத்துப் பாடவேளையில் பிள்ளைகள் வாய் திறந்தது நானூற்றுப் பன்னிரண்டு தடவை. இரண்டு பேர் கணக்கும் ஒத்துப்போனது. எனக்குத் தரையில் கால் பாவவில்லை.

தாள்களைக் கொண்டுபோய் என் கைடு சரண்யாதேவி மேடத்திடம் கொடுத்தேன். என்னைவிடப் பதினான்கு வயது சின்னவர், நான் எழுந்து நின்றால் கூச்சப்படுவார். நான்கு பக்கம் புரட்டிவிட்டு ஒரு சிவப்புப் பேனாவை என் கையில் கொடுத்தார். “கனகாக்கா, இதுல நீங்க பாதி சொல்லி அவங்க மீதி சொன்னத மட்டும் அடிச்சிட்டு வாங்க” என்றார்.

அடிக்க ஆரம்பித்தேன். நான் ‘மூன்று கோணமும் சேர்ந்தால் நூற்றி எண்…’ என்று இழுத்தால் வகுப்பு ‘பது!’ என்று கத்தியிருக்கிறது. நான் ‘முக்…’ என்றால் அவர்கள் ‘கோணம்!’ நான் ‘புரிஞ்சு…’ என்றால் அவர்கள் ‘தூஊ!’ அடித்துக்கொண்டே போனால் முந்நூற்று அறுபத்தாறு. மிச்சம் நாற்பத்தாறில் முப்பத்தொன்று வெறும் ‘ஆமா டீச்சர்’. பன்னிரண்டு, தண்ணி குடிக்கப் போகட்டுமா என்பது. ஒரு பிள்ளை தானாக யோசித்துத் தன் வாயால் சொன்னது பத்துப் பாடவேளைக்கும் சேர்த்து மூன்றே மூன்று. இருபத்தாறு வருஷ சர்வீஸ், ஆர்த்திகா! தாள் முழுக்கச் சிவப்பாகக் கிடந்ததைப் பார்த்து எனக்கு அழுகை வந்துவிட்டது.

ஆனாலும் உன் அம்மா லேசில் ஒத்துக்கொள்வாளா? பாதியை நான் சொன்னாலும் மீதி தெரிந்ததால்தானே சொன்னார்கள் என்று மேடத்திடம் வாதாடினேன். அப்படியானால் தப்பாக ஆரம்பித்துப் பாருங்கள் என்றார்.

மறுநாள் போர்டில் ஒரு கோணம் வரைந்தேன். சும்மா இல்லை, கத்தரிக்கோலைக் கொஞ்சமாகத் திறந்து வைத்ததுபோல ஒடுங்கின கோணம். வரைந்துவிட்டுத் திரும்பி, எப்போதும்போல இழுத்து, ‘இது ஒரு செங்…’ என்றேன். முப்பத்துநாலு பிள்ளைகளும் ‘கோணம்!’ என்றார்கள். கூரையே அதிர்ந்தது. கடைசி பெஞ்சில் உட்கார்ந்து குறித்துக்கொண்டிருந்த அசோக்குமார் சார் பேனாவைக் கீழே வைத்துவிட்டார்.

அந்த வகுப்பில் தமிழ்வாணி என்று ஒரு பெண். கணக்கில் நூற்றுக்கு நூறு, ஆனால் வாய் பேசாது. அவளும் சேர்ந்துதான் கத்தினாள், உதடு அசைந்ததை நான் பார்த்தேன். மணி அடித்த பிறகு தனியாகக் கூப்பிட்டு, இது செங்கோணம் இல்லை என்று உனக்குத் தெரியாதா என்று கேட்டேன். “தெரியும் டீச்சர்” என்றாள். பிறகு ஏன் அப்படிச் சொன்னாய் என்றேன். அவள் கோபப்படவும் இல்லை, பயப்படவும் இல்லை. “நீங்கதான் செங்னு ஆரம்பிச்சிட்டீகளே டீச்சர். அதுக்கு மேல நான் என்னத்தச் சொல்ல முடியும்?” என்றாள்.

அன்றைக்கு எனக்குச் சோறு இறங்கவில்லை. ஆனால் மறுநாளிலிருந்து நடந்ததைக் கேள், அதைச் சொல்லத்தான் துடித்துக்கொண்டிருக்கிறேன். இனிமேல் கேள்வியை முழுதாகக் கேட்பது, கேட்டுவிட்டு வாயை மூடிக்கொண்டு நிற்பது என்று முடிவு செய்தேன். கேட்க எளிதாக இருக்கிறதா? நின்று பார், தெரியும். ‘ஒரு முக்கோணத்தில் இரண்டு செங்கோணம் இருக்க முடியுமா?’ என்று கேட்டேன். முப்பத்துநாலு பேரும் நான் மீதியை ஆரம்பிப்பேன் என்று என் வாயையே பார்க்கிறார்கள். என் நாக்கு அரிக்கிறது. சேலைத் தலைப்பைப் பல்லில் கடித்துக்கொண்டேன். பதினோரு வினாடி. கடிகாரம் பிடித்த அசோக்குமார் சார் சொல்லித்தான் அது பதினோரு வினாடி என்றே தெரியும். எனக்குப் பதினோரு வருஷமாகத்தான் இருந்தது.

பன்னிரண்டாவது வினாடியில் தமிழ்வாணி எழுந்தாள். “முடியாது டீச்சர். ரெண்டு பக்கமும் நெட்டுக்குத்தலா போனா ரெயில் தண்டவாளம் மாதிரி போய்க்கிட்டேதான இருக்கும். மேல எப்படிச் சேரும்?” என்றாள். அவ்வளவுதான், வகுப்பு பற்றிக்கொண்டது. தண்டவாளம் தூரத்தில் சேர்கிறதே, நான் பார்த்திருக்கிறேன் என்று ஒருத்தி. சேர்கிற மாதிரி தெரியும், கிட்டப் போனால் சேராது, சேர்ந்தால் ரயில் கவிழ்ந்துவிடும் என்று இன்னொருத்தி. ஒரு கூட்டம் ஸ்கேலைத் தூக்கிக்கொண்டு போர்டுக்கே வந்துவிட்டது. சாப்பாட்டு மணி அடித்தும் ஒருவரும் எழவில்லை. சத்துணவு முருகம்மாள் கரண்டியோடு வந்து, “சோறு ஆறுது, அப்பிடி என்னதான் இந்தக் கணக்குல இருக்கு?” என்று சத்தம் போட்ட பிறகுதான் கலைந்தார்கள். நான் போர்டு பக்கம் நின்று சின்னப் பிள்ளை மாதிரிச் சிரித்துக்கொண்டிருந்தேன். வேலையில் சேர்ந்த முதல் நாள்கூட எனக்கு இவ்வளவு சந்தோஷம் இல்லை. மேடம் ஆராய்ச்சித் தலைப்பையே மாற்றச் சொல்லிவிட்டார். டீச்சரின் பாதிக் கேள்விதான் இனி என் ஆராய்ச்சி, முதல் சாட்சி நானே.

இனி உன் விஷயம்.

நேற்று இல்லை, போன வாரம் சனிக்கிழமை, மேடத்தைப் பார்த்துவிட்டுத் திரும்பும்போது கோரிப்பாளையம் நெரிசலில் பஸ் நின்றுவிட்டது. எப்போதும் நிற்பதுதானே, சும்மா இருக்கும் நேரத்தில் வகுப்புப் பதிவைக் கேட்கலாம் என்று காதில் மாட்டி ஒன்றைத் தட்டினேன். வகுப்புக்குப் பதிலாக உன் குரல் கேட்டது. இந்தப் போன் பேசுவதையெல்லாம் தானாகவே பதிவு செய்து வைக்கிறது என்று எனக்கு அப்போதுதான் தெரியும். வேண்டுமென்று செய்ததில்லை, கோபித்துக்கொள்ளாதே. ஜூலை ஆறாம் தேதி, டி. கல்லுப்பட்டி மாப்பிள்ளை வீட்டார் வந்துபோன அன்று சாயங்காலம் நாம் பேசியது.

பழக்கதோஷம், நானும் அதை வகுப்பாகவே கேட்டேன். நான் ‘போட்டோ பாத்…’ என்கிறேன், நீ ‘தேம்மா’ என்கிறாய். நான் ‘புடிச்சிருக்…’ என்கிறேன், நீ ‘கும்மா’ என்கிறாய். நான் ‘அப்ப உனக்குச் சம்மதந்…’ என்று இழுக்கிறேன். நீ ‘தாம்மா’ என்றாய்.

ஆர்த்திகா, அந்தத் ‘தாம்மா’வை வைத்துக்கொண்டுதான் என் மகள் சம்மதித்துவிட்டாள் என்று ஊரெல்லாம் சொன்னேன்.

வீட்டுக்கு வந்து மொத்தப் பேச்சையும் தாளில் எழுதினேன். சிவப்புப் பேனாவை எடுத்து அடித்தேன். பதினாலு நிமிஷப் பேச்சில் நீயாகப் பேசிய ஒரே ஒரு இடம்தான் மிஞ்சியது. நீ ‘அம்மா, நான் ஒண்ணு…’ என்று ஆரம்பித்திருக்கிறாய். நான் உடனே, ‘ஒண்ணும் கவலைப்படாதடி, எல்லாம் அப்பா பாத்துக்குவாரு’ என்று முடித்துவைத்திருக்கிறேன். அதற்குப் பிறகு நீ வாயைத் திறக்கவே இல்லை, என் பாதிகளுக்கு மீதி சொன்னதைத் தவிர. இந்த இருபத்தாறு வயதுக்குள் உன்னிடம் நான் முழுதாகக் கேட்ட ஒரு கேள்வியை நினைத்துப் பார்த்தேன். எனக்கு ஒன்றுகூட ஞாபகம் வரவில்லை. அதை நினைத்துத்தான் அழுதேன்.

அப்பாவிடம் சொன்னேன். “ஒன் ரிசர்ச்ச ஸ்கூலோட வச்சுக்க. சொந்தக்காரவுகளுக்கெல்லாம் சொல்லியாச்சு” என்று சட்டையை மாட்டிக்கொண்டு பஸ் டிப்போவுக்கு வேலைக்குக் கிளம்பிவிட்டார். இரண்டு நாளாக என்னோடு பேச்சு இல்லை. நான் சும்மா இருக்கவில்லை, மாப்பிள்ளையின் அம்மாவுக்கே போன் போட்டேன். நிச்சயத் தேதியைக் கொஞ்சம் நிறுத்தி வைக்க வேண்டும், பெண்ணிடம் இன்னும் கேட்கவில்லை என்றேன். “கேட்டாச்சுன்னு சொன்னீகளே மதினி?” என்றார். கேட்டேன், பதிலையும் நானே சொல்லிவிட்டேன் என்றேன்.  அவர், “நாங்களும் எங்க பயகிட்ட ஒரு வார்த்த சரியாக் கேட்டுக்கிறோம்” என்றார். நல்ல மனுஷி. அந்தப் பையன்மேலும் எனக்கு ஒரு குறையும் இல்லை, இதை நீ தெரிந்துகொள்ள வேண்டும். நீ சரி என்றால் ஆவணியிலேயே சந்தோஷமாகச் செய்வேன். வேண்டாம் என்றாலும் என் மகள்தான். உன் மனதில் வேறு யாராவது இருந்தாலும், கல்யாணமே இப்போது வேண்டாம் என்றாலும், நீ சொல்லித்தான் எனக்குத் தெரிய வேண்டும். பார், இங்கேயும் நானே பதில்களை அடுக்குகிறேன். இத்துடன் நிறுத்திக்கொள்கிறேன்.

நீ எழுதுகிறவரை நான் போன் செய்யமாட்டேன். நீ செய்தால் எடுப்பேன், ஆனால் பேசமாட்டேன், கேட்பேன். வகுப்பில் பதினோரு வினாடிதான் நின்றேன், உனக்காக எத்தனை நாள் வேண்டுமானாலும் நிற்பேன்.

அன்றைக்கு ‘அம்மா, நான் ஒண்ணு’ என்று ஆரம்பித்தாயே, நீ என்ன சொல்ல வந்தாய்?

உன் பதிலுக்குக் காத்திருக்கும்,
உன் அம்மா
கனகா.

அப்பா எழுதுவது: தபாலில் போடச் சொல்லி உன் அம்மா இதை என்னிடம் கொடுத்தாள். உறை ஒட்டாமல் இருந்தது, படித்தேன். அவளாவது உன்னிடம் பாதி கேட்டாள். நான் அதுகூடக் கேட்கவில்லை. நிச்சயத்துக்கு மண்டபம் இன்னும் பேசவில்லை. நிதானமாக எழுது.

சிவபாண்டி.