அப்பாவின் டிஸ்சார்ஜ்

என் தங்கமான அப்பாவுக்கு,

நீங்கள் போய் இரண்டு மாதமாகிறது. வாடகைக் கட்டிலைத் திருப்பிக் கொடுத்தாயிற்று. மில்லர்புரம் வீட்டில் அந்த இடம் இன்னும் காலியாகக் கிடக்கிறது. ஒரு நாற்காலியாவது போடலாம், எனக்குத்தான் எழுந்து இழுக்க அலுப்பாக இருக்கிறது. அம்மா மீன் சமைப்பதையே விட்டுவிட்டாள். அதற்குக் காரணம் நான்தான் அப்பா.

அன்று டாக்டர் என்னை மட்டும் உள்ளே கூப்பிட்டார். கீமோ இனி உதவாது, சில மாதங்கள்தான், வீட்டிலேயே வலி தெரியாமல் வைத்துக்கொள்ளலாம், நர்ஸ் வீட்டுக்கே வருவார் என்றார். அப்படிச் சிகிச்சையை நிறுத்தி வீட்டுக்கு அனுப்ப இரண்டு டாக்டர்கள் எழுதித் தர வேண்டும், வீட்டார் சம்மதிக்க வேண்டும். நான் கையெழுத்துப் போட்டேன். வெளியே வந்தால் எதிரே அம்மா.

"என்னளா சொல்லுதாரு?"

என் வாயில் வந்தது ஒரே வார்த்தை. "டிஸ்சார்ஜ்மா."

டிஸ்சார்ஜ் என்றால் நம் வீட்டில் குணமாகிவிட்டது என்றுதானே அர்த்தம்? அம்மா அன்றே பத்தியம் ஆரம்பித்துவிட்டாள். காலையில் கஞ்சி, மதியம் காரமில்லாத ரசம். ஆசைப்பட்டதைக் கொடுங்கள் என்று நர்ஸ் தலைபாடாக அடித்துக்கொண்டார். "தேறி வார மனுசன் வாயக் கட்டணும்" என்றாள் அம்மா.

உங்களிடம் உண்மையைச் சொல்ல நான் திணறியபோது நீங்கள் சிரித்தீர்கள்.

"ஏளா, முப்பது வருசம் துறைமுகத்துல சரக்கு எண்ணுனவன்ட்ட டிஸ்சார்ஜ்னா என்னன்னு சொல்லுதியா? எங்களுக்கு டிஸ்சார்ஜ்னா கப்பல்லேர்ந்து சரக்க இறக்குறது. சரக்கு இறங்கியாச்சு, கப்பல் கிளம்பப் போவுது. நான் போற வரைக்கும் உங்கம்மாட்ட மட்டும் சொல்லிராத."

சொல்லவில்லை. கடைசி வாரம் சாளை மீன் குழம்பு கேட்டீர்கள். அம்மா பயந்து பயந்து ஒரு வாய் ஊட்டினாள். நீங்கள் சப்புக்கொட்டினீர்கள். மறுநாள் மதியம் போய்விட்டீர்கள்.

"நாந்தாம்ளா பத்தியத்த முறிச்சேன். தேறி வந்த மனுசன நானே அனுப்பிட்டேன்." நேற்றும் சொல்லி அழுதாள். நான் கழுவிய பாத்திரத்தையே மறுபடி கழுவிக்கொண்டிருந்தேன். என் மேலேயே எனக்கு எரிச்சல். நீங்கள் கேட்டது போகிற வரைக்கும்தான். அதற்குப் பிறகும் வாய் திறக்காதது என் கோழைத்தனம். இவ்வளவு நாள் ஏமாற்றினாயா என்று கேட்டால் என்ன சொல்வேன்?

கேட்கட்டும். நாளைக் காலை சாளை வாங்கி வருகிறேன். கையெழுத்துப் போட்ட தாளை அவள் முன்னால் வைத்து எல்லாவற்றையும் சொல்லிவிடுகிறேன். திட்டி முடித்தபிறகு இதையும் சொல்வேன்: "அம்மா, நீ குடுத்த அந்த ஒரு வாய்தான் அவங்க ஆசையா சாப்பிட்டது."

இது சத்தியம் அப்பா.

உங்கள் வார்த்தையைப் பாதி மட்டுமே காப்பாற்றிய,
மூத்த மகள்