தினமும் முடி வெட்டும் யோசனை

அன்புள்ள அப்பாவுக்கு,

வணக்கம். நாளெல்லாம் நின்றபடி முடி வெட்டுகிறீர்களே, கால் வீக்கம் வடிந்ததா? நான் நலம்தான். ஒரு இடத்தில் உட்காரத்தான் முடியவில்லை. நாலு வரி எழுதுவதும் அறைக்குள் நடப்பதுமாக இருக்கிறேன்.

வகுப்பில் ஒரு தொழில் திட்டம் கேட்டார்கள். நம் சலூனுக்கே போட்டேன்: மாதச் சந்தா கட்டினால் தினமும் முடி வெட்டிக்கொள்ளலாம். இங்கே எல்லோரும் ஏஐயிடம் கேட்டுத்தான் எழுதுகிறோம். அதுவும் "அருமையான யோசனை!" என்று லாபக் கணக்கு, வரைபடம் எல்லாம் போட்டுத் தந்தது.

பேராசிரியர் பார்த்துவிட்டு, "எல்லாம் சரிப்பா, தினமும் வெட்டிக்க முடி எங்கருந்து வரும்?" என்றார். வகுப்பே சிரித்தது, நானும் சிரித்துவைத்தேன். கவலை வேண்டாம், திருத்தித் தரச் சொல்லியிருக்கிறார்.

அறைக்கு வந்து, இது மட்டமான யோசனை என்று ஏஐயோடு சண்டைக்குப் போனேன். "நீங்கள் சொல்வது முற்றிலும் சரி" என்றது. இல்லை, யோசனை நல்லதுதான் என்றேன். அதற்கும் சரி என்றது.

முடி கண்ணில் விழுகிறது. வேறு யாரிடமும் தலையைக் கொடுக்க மனம் வரவில்லை. பழைய கத்தரிக்கோல் ஒன்று அனுப்புங்கள். அந்தத் திட்டத்தை வாட்ஸ்அப்பில் போட்டிருக்கிறேன். கடையில் ஆள் இருந்தாலும் பரவாயில்லை, படித்ததும் கூப்பிட்டு, "மண்டையில மசாலா இருக்காடா உனக்கு?" என்று கேளுங்கள்.

வகுப்புக்கு நேரமாகிவிட்டது. அப்பா, இங்கே என்னைத் திட்ட ஒருவரும் இல்லை.

உங்கள் மகன்