மறிக்க ஆளில்லாத றோட்டு

சேசு மரி சூசை துணை

குருநகர்,
யாழ்ப்பாணம்.
22.08.1992

அன்புள்ள மகன் லியோனுக்கு அம்மா எழுதிக்கொள்வது. இதை எழுதுகிற இந்த மத்தியானம் வரைக்கும் அப்பாவும் நானும் தங்கச்சி யசிந்தாவும் ஆண்டவர் புண்ணியத்தில் சுகமாக இருக்கிறோம், நீ இதை வாசிக்கிற நாளில் உன்னுடைய சுகத்தையும் எங்களுடைய சுகத்தையும் அவர் பொறுப்பில் விட்டுவிட்டுத்தான் பேனையை எடுத்தேன். மகன், நீ வைகாசியில் அனுப்பிய கடிதமும் படமும் கசெற்றும் போன கிழமைதான் வந்து சேர்ந்தது. யசிந்தாவுக்குக் கணக்குப் படிப்பிக்கிற சோமசேகரம் மாஸ்டர் கொழும்புக்குப் போய்த் திரும்பும்போது கொண்டுவந்தார். பாவம் அந்த மனுசன், கொம்படிக் கடலேரியில் இடுப்பளவு தண்ணீருக்குள் இறங்கி உன்னுடைய பார்சலைத் தலையில் வைத்துக்கொண்டு நடந்தாராம். அவ்வளவு பாடுபட்டு வந்ததை அவிழ்த்துப் பார்த்தால் உள்ளே ஒரு சிவப்புக் காரின் படம். எனக்கு வந்த கோபத்துக்கு அன்றைக்கே பதில் எழுதியிருப்பேன், கடுதாசி இருக்கவில்லை, அதனால் தப்பினாய்.

முதலில் அந்தக் கசெற்றால் நடந்ததைச் சொல்ல வேண்டும். இங்கே கரண்டும் இல்லை, பற்றரியும் இல்லை என்று உனக்குத் தெரியும். சைக்கிளை ஸ்ராண்டில் ஏற்றிப் பெடலைச் சுற்றினால் டைனமோவில் றேடியோவும் பாடும், கசெற்றும் பாடும். உன்னுடைய குரல் வந்திருக்கிறது என்று கேள்விப்பட்டு ஒழுங்கையில் உள்ள சனமெல்லாம் முற்றத்துக்கு வந்துவிட்டது, லூர்த்தம்மா மாமி கதிரையும் கொண்டுவந்து முன்னுக்கு இருந்தா. யசிந்தா பெடலைச் சுற்ற நீ கதைத்தாய், அவள் வேகமாய்ச் சுற்றினால் உன் குரல் பெட்டைப்பிள்ளையின் குரல் போல வரும், மெதுவாய்ச் சுற்றினால் கிழவன் போல வரும், எல்லாரும் சிரித்துக்கொண்டு இருந்தார்கள். அப்போது நீ, இப்ப கேளுங்கோ அம்மா என்று சொல்லிவிட்டு அந்தக் காரை ஸ்ராட் பண்ணி எடுத்தாய். அதற்குப் பிறகு முற்றத்தில் யார் இருந்தார்கள்? குண்டு போடப் பொம்பர் தாழப் பதிகிற சத்தம் எது, கார் உறுமுகிற சத்தம் எது என்று பிரித்துப் பார்க்கிற அளவுக்கு எங்களுக்குக் காது ஆறுதலாய் இல்லை மகன். எல்லாரும் பதுங்குகிற பங்கருக்குள். யசிந்தாவும் பெடலை விட்டுவிட்டுப் பாய்ந்தாள், உடனே சத்தம் நின்றது, சரி பொம்பர்காரன் போய்விட்டான் என்று நாங்கள் ஒவ்வொருவராய் வெளியே தலையை நீட்டினோம். உன் அப்பா மட்டும் ஓடவே இல்லை. அவர் என்ன செய்தார் தெரியுமா, மீதியைக் கேட்கிற ஆசையில் தானே போய்ப் பெடலைப் பிடித்துச் சுற்றத் தொடங்கினார். திரும்பவும் அதே உறுமல், திரும்பவும் எல்லாரும் உள்ளே. லூர்த்தம்மா மாமிக்கு முழங்கால் உரசி வீங்கிப் போய்விட்டது. இவ்வளவு காலமும் பொம்பர் செய்யாததை ஜேர்மனியிலிருந்து லியோன் செய்துபோட்டான் என்று சொல்லிக்கொண்டு திரிகிறா.

அதற்குப் பிறகு படத்தைப் பார்த்தேன். முதலில் கார் மணலில் புதைந்து நிற்கிறது என்றுதான் நினைத்தேன், நிலத்தோடு ஒட்டி அவ்வளவு பதிவாக இருக்கிறது. முன்பக்கத்தைத் திறந்து வைத்துக்கொண்டு பல்லைக் காட்டிக்கொண்டு நிற்கிறாய், உள்ளே பார்த்தால் எஞ்சினைக் காணவில்லை. என்ரை பிள்ளையை ஏமாற்றி எஞ்சின் இல்லாத காரை விற்றுவிட்டார்கள் என்று நான் குரல் எடுத்து அழவே தொடங்கிவிட்டேன். பிறகு மாஸ்டர்தான், தன்னிடம் முன்பு இருந்த சின்னக் காரைப் போல இதற்கும் எஞ்சின் பின்பக்கம் என்று விளங்கப்படுத்தினார். காரின் பெயரை நீ எழுதியிருந்தபடி யசிந்தா மூன்று விதமாய் வாசித்தாள், அவருக்கும் எது சரி என்று தெரியவில்லை. பெயர் என்னவாகவும் இருக்கட்டும். இரண்டு பேர் மட்டும் இருக்கிற வாகனத்தை என்ன எண்ணத்தில் வாங்கினாய்? எங்களைக் கூப்பிடுவேன் கூப்பிடுவேன் என்று கடிதத்துக்குக் கடிதம் எழுதுகிறாய், நாங்கள் வந்தால் அப்பா முன்னுக்கு இருப்பார், நானும் யசிந்தாவும் பின்னால் ஓடி வருவதா? பழைய சொந்தக்காரன் தனக்குப் பிள்ளை பிறந்ததும் பெண்சாதி சொல்லித்தான் விற்றான் என்று எழுதியிருந்தாய். அந்த வெள்ளைக்காரப் பிள்ளை நல்லாய் இருக்கட்டும், அவளுக்கு இருக்கிற புத்தியில் கொஞ்சம் உனக்கும் வர வேண்டுமென்று செபமாலையில் ஒரு மணியை அவளுக்காக உருட்டுகிறேன். விலையை நீ எழுதவில்லை, நானும் கேட்கவில்லை. நீ அந்தச் சாப்பாட்டுக் கடையில் கோப்பை கழுவிக் கை வெடித்துச் சம்பாதிக்கிறாய், முதல்முதலாய் எனக்கெண்டு ஒண்டு வாங்கினன் அம்மா என்று நீ எழுதியிருந்த இடத்தில் எனக்கும் கண் கலங்கியது, அதை மறைக்க மாட்டேன்.

ஆனால் அதற்கு இருநூறுக்கு மேலே குதிரை என்று எழுதியிருக்கிறாயே, அதை வாசித்த பிறகு எனக்கு நித்திரை இல்லை. அப்பாவின் வள்ளத்தில் பூட்டியிருக்கிற எஞ்சின் எட்டுக் குதிரை. அதற்கு மேலே பெரிய எஞ்சின் பூட்டிக் கடலுக்குப் போகக்கூடாது என்று இங்கே தடை, வேகமாய் ஓடுகிற வள்ளத்தைக் கண்டால்தான் நேவிக்காரன் முதலில் சுடுவான். லூர்த்தம்மா மாமியின் மகன் செபநாயகத்தை நீ மறந்திருக்க மாட்டாய், உன்னோடு ஒன்றாய் நீந்தித் திரிந்த மச்சான். அவன் நீ போன அடுத்த வருசம் எங்கேயோ ஒரு பழைய இருபத்தைந்து குதிரை எஞ்சினைத் தேடி வாங்கினான். வர்ணம் எல்லாம் அடித்து, சுவாமியாரைக் கூட்டிவந்து தீர்த்தம் தெளித்து மந்திரித்து, உன்னைப் போலத்தான் பல்லைக் காட்டிக்கொண்டு நின்றான். நல்ல எஞ்சின், ஒருநாளும் இடையில் நிற்கவில்லை. அதுதான் மகன் வினை. எட்டுக் குதிரைக்காரர் எல்லாம் பயந்து கரையோடு நின்றார்கள், அவன் மட்டும் எந்த ஆபத்து வந்தாலும் ஓடித் தப்பிவிடலாம் என்று எஞ்சினை நம்பித் தூரத்துக்குப் போனான். போனவன்தான். வள்ளத்தின் ஒரு பலகை கூட வரவில்லை. கெட்ட எஞ்சினாக இருந்திருந்தால் அவன் இன்றைக்கும் கரையில் நின்று அதைத் திட்டிக்கொண்டு இருப்பான் என்று மாமி சொல்லுவா. இதை உனக்கு இதுவரை எழுதாமல் விட்டது நீ அங்கே தனியே இருந்து அழுவாய் என்றுதான். இப்போது எழுதுகிறேன், ஏனென்றால் உன்னுடைய காரும் நல்ல எஞ்சின் என்று அப்பா சொல்லுகிறார்.

இன்னொன்று எழுதியிருந்தாய், அங்கே எவ்வளவு வேகமாய்ப் போனாலும் மறிக்க ஆள் இல்லாத றோட்டு இருக்கிறதாம். நீ இங்கே இருந்த கடைசி நாட்களில் ஒவ்வொரு சந்தியிலும் காவலுக்கு ஒரு சென்றி, ஒவ்வொரு சென்றியிலும் உன்னை இறக்கி ஏற்றி விசாரிப்பு, என்ரை பிள்ளைக்கு மறிக்க ஆளில்லாத ஒரு றோட்டைக் காட்டும் என்று அந்தோனியாருக்கு நேர்ந்தவள் நான். அவர் அதைச் சொல்லுக்குச் சொல் அப்படியே தந்துவிட்டார், நான்தான் கேட்கிற விதத்தைக் கவனித்துக் கேட்டிருக்க வேண்டும். இப்போது அதே அந்தோனியாரிடம் போய், அந்த றோட்டில் யாராவது ஒருத்தர் நின்று என்ரை பிள்ளையை மறிக்கட்டும் என்று மன்றாடுகிறேன், அவருக்கும் என்னில் வெறுப்பு வந்திருக்கும். அதைவிடப் பெரிய பயம், நீ எழுதியது வைகாசி, இது ஆவணி. நடக்கக்கூடாத ஏதாவது நடந்திருந்தால் அது நடந்து முடிந்தே கனநாள் ஆகியிருக்கும், நான் இங்கே உன் படத்தைப் பார்த்துத் திட்டிக்கொண்டு இருப்பேன். முடிந்துபோன நாளுக்காக இப்போது செபித்தால் செல்லுமோ என்று பங்குச் சுவாமியாரிடம் கேட்டேன். அவர் சிரிக்காமல், ஆண்டவருக்குத் தபால் பிந்துகிறதில்லை அம்மா என்றார். அதனால் வைகாசி, ஆனி, ஆடி என்று போன மாதங்களுக்கெல்லாம் சேர்த்து ஒரு பூசை ஒப்புக்கொடுத்திருக்கிறேன்.

அப்பாவைப் பற்றி என்ன சொல்ல. உன் படம் அவருடைய சேட்டுப் பையில், கடலுக்குப் போகும்போது மட்டும் எடுத்து மாதா படத்துக்குப் பின்னால் செருகிவிட்டுப் போவார், வந்ததும் முதல் வேலை அதை எடுத்துப் பையில் வைப்பது. இருமல் இன்னும் விடவில்லை, ஆனால் கார் என்று கதை எடுத்தால் இருமல் நிற்கிறது. அவர் எழுதச் சொன்னதை எழுதுகிறேன், காலையில் எஞ்சின் குளிர்ந்திருக்கும்போது எடுத்துப் பார்க்கட்டாம், சூட்டில் எந்த எஞ்சினும் நல்லவன் போல நடிக்குமாம். வர்ணத்தைப் பார்க்காமல் அடியில் குனிந்து இரும்பு துருப்பிடித்துக் கறள் இருக்கிறதா என்று பார்க்கட்டாம். நாலு ரயரையும் புதிதாய்ப் போடட்டாம், பழைய சொந்தக்காரன் போட்ட ரயரை நம்ப வேண்டாமாம். இன்னும் ஒரு கேள்வி, எழுத எனக்கு வெட்கமாக இருக்கிறது, விடுகிறார் இல்லை. இங்கே கார்களெல்லாம் கொஞ்சம் பெற்றோலைக் காட்டி எடுத்துவிட்டு மண்ணெண்ணெயில்தான் ஓடுகின்றன, உன்னுடையதும் மண்ணெண்ணெயில் ஓடுமோ என்று கேட்கிறார். யசிந்தா சோதினைக்குப் போத்தல் விளக்கில் படிக்கிறாள், விடிய மூக்கெல்லாம் கரி. உன்னுடைய பழைய புத்தகங்களைத்தான் வைத்திருக்கிறாள்.

உள்ளதைச் சொன்னால், அந்தக் காரை விற்றுவிடு என்று எழுதத்தான் இருந்தேன். முந்தாநாள் பின்னேரம் லூர்த்தம்மா மாமி நொண்டி நொண்டி வந்து, அந்தக் கசெற்றைத் திரும்பப் போடச் சொன்னா. முழங்காலுக்கு நட்டஈடு கேட்க வந்தாவோ என்று நான் பகிடி விட்டேன், மாமி சிரிக்கவில்லை. யசிந்தா சுற்றினாள், அந்த உறுமல் வந்ததும், போதும் நிப்பாட்டு என்றேன். மாமி கையைக் காட்டி, விடு பிள்ளை, ஓடட்டும் என்றா. நாங்கள் யாரும் அதுவரைக்கும் கசெற்றை முழுக்கக் கேட்கவில்லை மகன், முதல்நாள் எல்லாரும் ஓடினோம், அப்பா உறுமுகிற இடம் முடியும் முன்பே திருப்பித் திருப்பி அதையே போடுவார். அன்றைக்குத்தான் மீதியைக் கேட்டேன். உறுமல் கொஞ்சம் கொஞ்சமாய்க் குறைந்தது, பிறகு எஞ்சின் நின்றது, கதவு சாத்துகிற சத்தம், திறப்புக் கொத்துக் கிலுங்கியது, பிறகு நீ, சரி அம்மா, நிப்பாட்டிட்டன், வீட்டை வந்திட்டன் என்றாய். இந்தக் கரையில் எல்லாப் பெண்களும் செய்கிறதுதான், புருசனுடைய, பிள்ளையுடைய எஞ்சின் சத்தத்தைத் தூரத்திலேயே பிரித்து அறிந்து, அது கரைக்கு வந்து நிற்கும்வரை அடுப்பை மூட்டாமல் இருப்போம். செபநாயகத்தின் இருபத்தைந்து குதிரை நிற்கிற சத்தத்துக்கு மாமி இன்னும் காது கொடுத்துக்கொண்டுதான் இருக்கிறா. உன் குரல் முடிந்ததும் கண்ணைத் துடைத்துக்கொண்டு என்னைப் பார்த்து, “உன்ரை பொடியன் கரைக்கு வந்திட்டான் மச்சாள், எழும்பிப் போய் அடுப்பை மூட்டு” என்றா. நான் போய் மூட்டினேன். அதற்குப் பிறகு விற்றுவிடு என்று எழுத எனக்குக் கை வரவில்லை.

ஆகவே வைத்திரு மகன். அங்கே தமிழ்ச் சுவாமியார் யாராவது வந்தால் காரைக் காட்டி மந்திரித்துக்கொள், இதோடு வருகிற சின்ன அந்தோனியார் சுரூபத்தைக் கண்ணாடிக்குப் பக்கத்தில் தொங்கவிடு. பாதையில் உனக்கு முன்னால் எட்டுக் குதிரைக்காரன் ஒருவன் ஊர்ந்து போனால் அவன் பின்னால் நீயும் ஊர்ந்து போ, ஒரு குறையும் வராது. தேவமாதா உன்னைத் தன் முந்தானைக்குள் வைத்துக் காப்பாளாக, அப்பாவும் நானும் உன் நெற்றியில் சிலுவை போட்டு முத்தமிடுகிறோம், தங்கச்சி அன்பைச் சொல்லச் சொன்னாள். ஒன்றை மட்டும் மறந்துவிடாதே. அடுத்த முறை கசெற் அனுப்பும்போது காரை எடுக்கிற சத்தம் எனக்கு வேண்டாம், அப்பாவுக்கு இதுவே போதும். ஒவ்வொரு நாளும் வேலை முடிந்து வந்து நிற்கிறாய்தானே, எஞ்சினை நிப்பாட்டிக் கதவைச் சாத்துகிற அந்தச் சத்தத்தை மட்டும் பதிந்துகொள், அடுத்த நாள் வந்ததும் அதன் பின்னால் அதையே பதி, அதற்கடுத்த நாளும் அப்படியே. இரண்டு பக்கமும் நிரம்பிய பிறகு அனுப்பு.

இப்படிக்கு,
உன் வரவுக்குக் காது கொடுத்திருக்கும் அம்மா,
இ. மரியநாயகி