பாண்டியன் சித்தப்பா வீட்டு ஊரழைப்பு

பருத்திப்பட்டு,
புரட்டாசி 9

அன்பு மகன் திருமுருகனுக்கு அம்மா எழுதிக்கொள்வது. இங்கே மூவரும் சுகம், அப்பாவின் கால் புண்ணும் ஆறிவிட்டது, அந்த ஊர்க் குளிரில் நீயும் சளி இருமல் இல்லாமல் இருக்க மாங்காட்டு அம்மனை வேண்டிக்கொள்கிறேன். போனில் சொன்னால் அப்பா காதில் விழும் என்றுதான் கடிதம். என் கண்ணாடி உடைந்துவிட்டதால் நான் சொல்லச் சொல்ல உன் தங்கை ரோஷினி எழுதுகிறாள். (கையெழுத்து என்னுடையது, படிக்க வேண்டிய தலையெழுத்து உன்னுடையது அண்ணா.)

போன கார்த்திகையில் நான்கு நாள் வீட்டுக்குள் சாக்கடைத் தண்ணீர் நின்றதும், சர்க்கரைக் காலோடு அதில் நடந்து அப்பாவுக்கு விரலையே எடுக்க வேண்டி வந்ததும் உனக்குத் தெரியும். ஏரிக்குப் போகும் வாய்க்காலை மறித்து உன் பாண்டியன் சித்தப்பா தன் கல்யாண மண்டபத்துக்குச் சுவர் எழுப்பியதால் வந்த வினை. அப்பா போய்க் கேட்டதற்கு, ஊர்ல ஜனம் பெருத்துப்போச்சு அண்ணாத்தே, தண்ணி எங்க போவும், நீதான் அட்ஜஸ்ட் பண்ணிக்கினு போவணும் என்றாராம். நிலத்தையெல்லாம் அடுக்குமாடிக்கு விற்று ஜனத்தைப் பெருக்கியவரே அவர்தானே. விரல் போன அன்றைக்கே மனசுக்குள் முடிச்சுப் போட்டுக்கொண்டேன்.

ஆவணியில் அவர் மகள் கிருஷ்ணப்பிரியாவுக்கு அதே மண்டபத்தில் கல்யாணம். வீடு வீடாகப் பத்திரிகை வைக்கச் சோம்பல், பழைய வழக்கப்படி ஊரழைப்பு என்று ஒரே ஒரு பத்திரிகையைக் கோயில் சுவரில் ஒட்டிவிட்டார், ஊரார் அனைவரும் குடும்பத்துடன் விருந்துண்ண வரவேண்டும் என்று. அவருக்கு ஊர் என்றால் இன்னமும் நம் நூற்றிருபது வீடுதான். நான் சொல்லித்தான் ரோஷினி அதைப் படமெடுத்து, கூடப் படிக்கும் பிள்ளைகள் வழியாக நான்கு அடுக்குமாடி வாட்ஸப் குழுக்களிலும் போட வைத்தாள். ஓர் எழுத்து கூட்டவில்லை. (கூட்டியது கூட்டத்தை மட்டும்தான்.)

பதினொரு மணிக்கெல்லாம் வாசலில் இருந்து பால் பூத் வரைக்கும் ஜனம். பட்டுப்புடவை, பரிசுப் பெட்டி, இடுப்பில் பிள்ளை. ஆறு வருஷமா இருக்கோம், இந்த ஊர்ல எங்களை யாரும் கூப்பிட்டதே இல்ல என்று ஒரு சேலத்துப் பெண் என் கையைப் பிடித்துக்கொண்டாள், எனக்கே ஒரு மாதிரி ஆகிவிட்டது. இரண்டாம் பந்தியில் சாம்பார் தீர்ந்தது, மூன்றாவதில் இலையே தீர்ந்தது. இவ்ளோ பேரு எங்கருந்துய்யா வந்துகினே கீறாங்க என்று சித்தப்பா வேட்டியைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு ஓடினார். அட்ஜஸ்ட் பண்ணிக்கோப்பா என்று சொல்ல நாக்கு துடித்தது, குட்டு வெளிப்பட்டுவிடுமே என்று அப்பளத்தைக் கடித்துக்கொண்டேன்.

கடைசியில் அவர் அப்பாவிடமே ஓடிவந்து, அண்ணாத்தே நீ சொன்னா கேப்பாங்க, எப்டியாவது அனுப்பி வுடு என்று கெஞ்சினார். அப்பா தடியை ஊன்றி வாசலுக்குப் போய், சோறு தீந்துபோச்சும்மா, மன்னிச்சுக்கோங்க, வந்தது வந்தீங்க, போன மழையில உங்க வண்டியெல்லாம் ஏன் முழுகிச்சுன்னு பாத்துட்டுப் போங்க என்று, பசியோடிருந்த அத்தனை பேரையும் மண்டபத்துக்குப் பின்னால் அந்தச் சுவரிடம் கூட்டிப்போய் நிறுத்திவிட்டார். அவ்வளவுதான். வண்டி முழுகியவர்கள் எல்லாரும் சூழ்ந்துகொள்ள, சுவரை எடுத்துவிடுகிறேன் என்று சித்தப்பா அங்கேயே கும்பிட்டார். மூன்றாம் நாள் அவருடைய ஜேசிபியே வந்து சுவரை இடித்தது, நான் நாற்காலி போட்டு உட்கார்ந்து கடைசிக் கல் வரைக்கும் பார்த்தேன். நேற்றைய மழைத் தண்ணீர் வாசற்படியைக்கூடத் தொடவில்லை. ஆனாலும் அவர் முகத்தில் விழிக்க எனக்கு இன்னும் மனமில்லை, சுவர் போனது, விரல் வருமா.

நீ நேரத்துக்குச் சாப்பிடு, சர்க்கரைப் பரிசோதனையைத் தள்ளிப்போடாதே, நம் குடும்பத்து ரத்தம் அப்படி. கிருஷ்ணப்பிரியாவுக்கு மறக்காமல் போன் செய்து வாழ்த்துச் சொல், அவள் மேல் எனக்கு வருத்தமில்லை. கல்யாணப் பெண்ணே அன்று சாப்பாடு இல்லாமல் பிஸ்கட் தின்றாளாம். அது மட்டும் கொஞ்சம் உறுத்துகிறது. கொஞ்சம்தான்.

தீர்க்காயுசாக இரு.

உன் அம்மா,
ஏ. சுலோசனா