ஆரஞ்சு நாடாக்கள்

என் பிடிவாதக்காரனுக்கு,

பாதை முடிந்த இடத்தில் என்னை உட்கார வைத்துவிட்டு, முள்ளுப்புதருக்குள் புகுந்து உச்சிக்குப் போனாய். "ஒன் அவர்ல வந்துடறேன். அதுவரைக்கும் மலைய க்ளீன் பண்ணிட்டிரு, குப்பைக்காரி" என்று சிரித்தாய்.

பண்ணினேன். உன் பின்னால் கொஞ்ச தூரம் வந்து, புதர்களில் கட்டியிருந்த ஆரஞ்சு நாடாக்களைக்கூட, யாரோ விட்டுப்போன குப்பை என்று அவிழ்த்துப் பையில் போட்டுக்கொண்டேன்.

நேற்று அல்சூரில் நம் வீட்டுக்குப் போனபோது, உன் டிராயரில் மீதி நாடாச் சுருளைப் பார்த்தேன். திரும்பிவர வழி தெரியவேண்டும் என்று நீதான் கட்டியிருக்கிறாய். அவிழ்த்தது நான் என்று இன்னும் யாரிடமும் சொல்லவில்லை.

இன்று நான்காம் நாள். இந்த வெயிலில் உன்னிடம் ஒரே ஒரு பாட்டில் தண்ணீர். தேடியவர்கள் இறங்கிவிட்டார்கள். "போதும்மா, வாங்க" என்கிறார் வனக்காவலர்.

எல்லா நாடாவையும் மறுபடி கட்டிவிட்டேன். மேலே, கடைசி நாடாவில் இந்தக் கடிதம். அவற்றைப் பார்த்துக்கொண்டே இறங்கி வா. இந்த முறை உட்கார வைத்த இடத்தை விட்டு எழுந்திருக்க மாட்டேன்.

உன் குப்பைக்காரி