கார்டைப் பார்த்துப் பேசாத குழந்தை

திங்கள்

காலையிலேயே வெயில். கிளினிக்கில் நடப்பதை வெளியே கொண்டுபோகக் கூடாது என்பது விதி. எழுதுவதும் தப்புதான், மன்னிக்கணும். சொல்ல ஆள் இல்லை. பெயர் எழுத மாட்டேன்.

நான் உதவியாளாக இருக்கும் புத்தூர் பேச்சுப் பயிற்சி கிளினிக்கில் இன்று நாலு வயதுப் பெண் குழந்தை. பீகார். அப்பா கட்டட வேலை. "பேசவே மாட்டேங்குது, ரிப்போர்ட் வாங்கிட்டு வாங்க" என்று ஸ்கூலில் திருப்பி அனுப்பிவிட்டார்கள். வீட்டில் என்ன மொழி என்று பயிற்சி தரும் மேடம் கேட்டதும் அம்மா உடனே, "ஹிந்தி." பக்கத்து மெடிக்கல் ஷாப்பிலிருந்து ஹிந்தி தெரிந்த பையனைக் கூப்பிட்டார்கள். கார்டில் மீன் படம், மரம், பூனை; அவன் ஹிந்தியில் கேட்டான். குழந்தை கார்டைப் பார்த்தது, அம்மாவைப் பார்த்தது. வாயைத் திறக்கவில்லை.

வாங்க வேண்டியது: தேங்காய் எண்ணெய், பேனா, அம்மாவுக்கு ரீசார்ஜ்.

செவ்வாய்

மேகம், மழை இல்லை. வீட்டுக்குத் திரும்பும் ஸ்ரீரங்கம் பஸ்ஸில் அதே அம்மாவும் குழந்தையும், எனக்கு முன் சீட். காவிரிப் பாலம் ஏறியதும் குழந்தை ஆரம்பித்தது. ஒரே பேச்சு. கேள்வி, கோபம், நடுவில் பாட்டு. எனக்கு ஒன்றும் புரியவில்லை. ஆனால் முழு முழு வாக்கியம், அது காதுக்குத் தெரிந்தது. என்னைப் பார்த்ததும் அம்மா அதன் வாயைப் பொத்தினாள்.

"இது ஹிந்தியாங்க?" நானாக யாரிடமும் பேச்சுக் கொடுத்ததில்லை.

கட்டட சைட்டில் கற்ற தமிழில் சொன்னாள். "இல்லக்கா, மைதிலி. எங்க பாஷை வேற. ஹிந்தி நான் ஸ்கூல்ல படிச்சது. பாப்பாக்கு வராது."

"மேடம்கிட்ட சொல்லலாம்ல?"

"பெரிய டாக்டர். அங்க வீட்டுப் பாஷை பேசினா மரியாதை இல்ல. பாப்பாகிட்டயும் சொல்லிட்டேன், பேசக் கூடாதுன்னு."

காலேஜ் அட்மிஷன் அன்று எங்கள் அம்மாவும் என் கையைக் கிள்ளி, "வாயத் தொறக்காத" என்றாள். வீட்டில் காலேஜ் வாசலைப் பார்த்த முதல் ஆள் நான்.

புதன்

ரிசப்ஷன் ஜெயாக்காவிடம் மட்டும் சொன்னேன். "எங்க தெருவுல மூணு மைதிலி இருக்காங்க. மொழிக்குமா அந்தப் பேரு?" சிரிப்பு. "ஹிந்தியிலயே ஒரு தினுசா இருக்கும்டி."

தேடிப் பார்த்தேன். தனி மொழி. தனி எழுத்துகூட இருந்திருக்கிறது. அரசியல் சட்டத்தின் எட்டாவது அட்டவணையில் தமிழோடு அதுவும் இருக்கிறது. ரூபாய் நோட்டில்தான் இல்லை. தமிழை மலையாளத்தில் ஒரு தினுசு என்று யாராவது சொன்னால் ஜெயாக்கா விடுவாளா.

மேடத்திடம் சொல்லவில்லை. கதவு வரை போய்த் திரும்பினேன்.

வியாழன்

புழுக்கம். மேடம் சொல்லச் சொல்ல ரிப்போர்ட் டைப் செய்தேன். பேச்சு வளர்ச்சியில் கடுமையான தாமதம், சிறப்புப் பள்ளிக்குப் பரிந்துரை. நாளை காலை வந்து வாங்கிக்கொள்வார்கள். பிரிண்ட் எடுத்து மேஜையில் வைத்தேன். மேடம் பேனாவைத் திறந்தார்.

"என்னம்மா, அங்கயே நிக்கிற?"

"ஒண்ணுமில்ல மேடம்."

"அப்ப போ."

போகவில்லை. பஸ்ஸில் கேட்டதைச் சொன்னேன்.

"அந்தம்மாவே ஹிந்தின்னுதானே சொன்னாங்க?"

"நமக்கு மரியாதைன்னு அப்படிச் சொன்னாங்க மேடம்."

மேடம் ரிப்போர்ட்டை மறுபடி பார்த்தார். பேனா திறந்தபடியே. அப்புறம்தான் கேட்டேன்.

"இன்னைக்குக் கையெழுத்துப் போடாதீங்க மேடம். நாளைக்கு அந்தம்மா கையிலயே கார்டைக் குடுத்து, அவங்க பாஷையில கேக்கச் சொல்லுவோம். நாம ரெண்டு பேரும் கொஞ்ச நேரம் வெளிய நிப்போம்."