வால் சொருகாத கட்டங்கள்

இரும்புலியூர்
8.12.2024, ஞாயிறு

அன்புள்ள அண்ணிக்கு,

நலம். நீங்களும் நலமாக இருக்க வேண்டும் என்று நினைத்துக்கொண்டே எழுதுகிறேன். உங்கள் போன் நம்பர் மாறிவிட்டது. புது நம்பரை நான் யாரிடம் போய்க் கேட்பது? அதனால் காட்டாங்குளத்தூர் கல்லூரி நூலகத்து முகவரிக்கே எழுதுகிறேன். கவர் உங்கள் மேஜைக்கு வருவதற்குள் நாலு பேர் அதைத் திருப்பித் திருப்பிப் பார்த்திருப்பார்கள். மன்னித்துவிடுங்கள்.

தயாளன் அண்ணாவோடு உங்களுக்கு எல்லாம் முடிந்து நாலு மாதம் ஆகிறது. நேற்று, மழை ஈரத்தில் அலமாரி பூஞ்சை பிடித்திருக்கிறதா என்று திறந்தால், நம்முடைய உல்லன் பை. தாம்பரத்து வெயிலுக்குக் கம்பளிப் போர்வையா என்று அம்மா கேலி செய்தாரே, அந்தப் போர்வைக் கட்டங்கள்தான். அன்றன்றைக்குக் கண்ணில் நின்ற நிறத்தில் சாயங்காலம் ஆளுக்கொரு கட்டம் என்று நீங்கள்தான் சட்டம் போட்டீர்கள். உங்கள் கட்டங்களில் நூல் வால் எல்லாம் அப்படியே தொங்குகிறது. நீங்கள் பின்னித் தூக்கிப் போட்டுவிடுவீர்கள். வாலை ஊசியில் கோத்து உள்ளே சொருகி மறைப்பது எப்போதும் என் தலையில்தான் விழும். நேற்றும் விழுந்தது. உட்கார்ந்து சொருகி முடித்தேன்.

அப்புறம் ஒரு கனவு. போர்வை முடிந்துவிட்டது. நம் மாடியில் ஆரம்பித்து ஜிஎஸ்டி ரோடு, மேம்பாலம், ரயில் பாதை எல்லாவற்றையும் மூடிக்கொண்டு நீள்கிறது. அதற்கு அடியில் பஸ்கள் சத்தமில்லாமல் ஊர்கின்றன. நான் வெறுங்காலோடு அதன் மேல் நடந்து உங்களைத் தேடுகிறேன். கால் சுடவே இல்லை.

கோர்ட்டில் நடந்ததைப் பற்றி எழுத இன்னும் தைரியம் வரவில்லை. போர்வையை மட்டுமாவது முடிப்போமா? இன்று பின்னிய கட்டம் ஒன்று வைத்திருக்கிறேன். காலையில் பனியில் பார்த்த ஏரியின் நிறம்.

உங்கள் நாத்தனார்,
ஜெயஸ்ரீ


கோவிலம்பாக்கம்
22.12.2024

ஜெயாவுக்கு,

கடிதமும் கட்டமும் வந்தன. அண்ணி என்று எழுதியிருக்கிறாய். அந்தப் பதவியிலிருந்து ஆகஸ்ட் மாதமே என்னை விடுவித்துவிட்டார்கள். சந்திரிகா என்று எழுது.

உன் ஏரியை, என்னோடு வந்துவிட்ட என் கட்டம் ஒன்றின் மேல் வைத்துப் பார்த்தேன். ஒரு விரல் சின்னது. உனக்குக் கை இறுக்கம். நூலைத் திருடனைப் பிடிக்கிற மாதிரி பிடிப்பாய். அதனால்தான் எனக்கு நாலாம் நம்பர் குரோஷா ஊசி, உனக்குத் தடிமனான ஐந்தாம் நம்பர் என்று வைத்திருந்தோம். அப்போதுதான் இரண்டு பேர் கட்டமும் ஒரே அளவில் வரும். அந்த ஐந்தாம் நம்பர் அவசரத்தில் என் பையோடு வந்துவிட்டது. நீ என் அளவு ஊசியில் பின்னிக்கொண்டிருக்கிறாய் போலிருக்கிறது.

இங்கே மூன்றாவது மாடி. லிப்ட் கிடையாது. ஆனால் ஜன்னலில் வானம் நிறைய இருக்கிறது. விடிகாலையில் சதுப்பு நிலத்துப் பக்கமிருந்து பறவைகள் கூட்டமாகப் போகும்போது நான் காபியை மறந்து நிற்பேன். அந்த நேரத்தில் எனக்கு யார் மேலும் கோபம் இருப்பதில்லை. ஏழு மணிக்குத் திரும்ப வந்துவிடும்.

நீ எழுதத் தயங்குவதை நானே எழுதிவிடுகிறேன். நான் அந்த வீட்டை விட்டுக் கிளம்பிய காலையில் மாடிக்கு வந்து உன்னிடம் சொன்னேன். நீ அழுதுகொண்டே உன் ஸ்கூட்டரில் என்னைத் தாம்பரம் ஸ்டேஷனில் கொண்டுபோய் விட்டாய். கோர்ட்டில் உன் அம்மா, "ஒரு வார்த்தை சொல்லாம கொள்ளாம பூட்டா சார்" என்றார். சமரசம் பேசுகிற கவுன்சிலர் அம்மா, "வீட்ல வேற யாருக்காவது தெரியுமா?" என்று கேட்டார். நான் உன்னைப் பார்த்தேன். நீ உன் கைப்பையின் ஜிப்பைப் பார்த்துக்கொண்டிருந்தாய்.

உன் அண்ணன் மேல் எனக்குக் கோபம் தீர்ந்துவிட்டது. உன் மேல்தான் தீரவில்லை.

சந்திரிகா


இரும்புலியூர்
19.1.2025

அன்புள்ள சந்திரிகாவுக்கு,

இப்படி எழுதினால் பேங்கிலிருந்து வந்த கடிதம் மாதிரி இருக்கிறது. இருந்தாலும் நீங்கள் சொன்னபடி எழுதுகிறேன்.

நீங்கள் எழுதியது அத்தனையும் உண்மை. ஆனால் என் பக்கமும் கொஞ்சம் கேளுங்கள். அன்றைக்கு அம்மாவுக்கு பிரஷர் ஏறியிருந்தது. அண்ணா என்னையே முறைத்துக்கொண்டிருந்தான். இந்த வீட்டில்தான் நான் சாப்பிட்டுத் தூங்கி எழுந்து பள்ளிக்கூடத்து ஆபீஸ் வேலைக்குப் போக வேண்டும். நான் ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் மட்டும் விவாகரத்து நின்றிருக்குமா? நீங்களே வேண்டும் என்றுதானே வந்தீர்கள்?

பொங்கல் சுரத்தில்லாமல் போயிற்று. அண்ணாவுக்கு மறுபடி பெண் பார்க்கிறார்கள். இதை வேறு யாராவது சொல்லித் தெரிய வேண்டாம் என்று எழுதுகிறேன்.

நான் தினமும் ஒரு கட்டம் பின்னுகிறேன். எல்லாம் சின்னதாகத்தான் வருகிறது. விமானப்படைத் தளத்துப் பயிற்சி விமானங்கள் தலைக்கு மேல் வட்டம் போடும் சத்தத்தில், மொட்டை மாடியில் உட்கார்ந்து கண்ணிகளை எண்ணும்போது, நீங்கள் அடுத்த நாற்காலியில் இருக்கிறீர்கள் என்றே தோன்றிவிடுகிறது. இரண்டு முறை பேசியே விட்டேன். அந்த ஊசியை அனுப்பினால் என் கட்டமும் உங்கள் அளவுக்கு வரும்.

ஜெயஸ்ரீ


கோவிலம்பாக்கம்
2.2.2025

ஜெயஸ்ரீக்கு,

ஊசி இத்துடன் இருக்கிறது. என் பழைய கட்டங்களையும் நீயே வைத்துக்கொண்டு போர்வையை முடித்துக்கொள்.

ஒரு வார்த்தையால் விவாகரத்து நின்றிருக்காதுதான். நிற்க வேண்டும் என்று நான் கேட்கவும் இல்லை. ஆனால் அன்றைக்கு அந்தக் கோர்ட் படிகளில் நான் தனியாக இறங்கியிருக்க மாட்டேன். கல்யாணமாகி வந்த ஆறு வருஷத்தில் அந்த வீட்டில் எனக்கென்று இருந்தது நீ ஒருத்திதான். அவ்வளவுதான் சொல்ல வேண்டியது.

இனி எழுத வேண்டாம்.

சந்திரிகா


இரும்புலியூர்
9.3.2025

அண்ணி,

எழுத வேண்டாம் என்றீர்கள். இது ஒன்றை மட்டும் எழுதிவிட்டு நிறுத்திக்கொள்கிறேன். பதிலும் வேண்டாம்.

போன ஞாயிற்றுக்கிழமை அண்ணாவைப் பார்க்கப் பெண் வீட்டார் வந்திருந்தார்கள். வண்டலூர்ப் பக்கம். பெண்ணின் தாய்மாமன் முனிரத்தினம் என்று ஒரு பெரியவர், நல்ல மனிதராகத் தெரிந்தார். கேசரியைக் கையில் வைத்துக்கொண்டு, "மொத பொண்ணு இன்னாத்துக்கும்மா போச்சு?" என்று நேராகவே கேட்டார். அம்மா அதே வார்த்தையைச் சொன்னார், கோர்ட்டில் சொன்ன மாதிரியே, மூச்சுகூட மாறாமல்.

நான் காபித் தட்டோடு நின்றிருந்தேன். என் குரல் எனக்கே யாரோ பேசுவது போலக் கேட்டது. "சொல்லிட்டுத்தான் போனாங்க. எங்கிட்ட சொன்னாங்க. நான்தான் வண்டில கூட்டினு போய் தாம்பரம் ஸ்டேஷன்ல உட்டேன்."

"இன்னாடி பேசற?" என்றார் அம்மா.

"கோர்ட்ல பேச வேண்டியத இப்ப பேசறேன்மா."

அவர்கள் காபி குடித்துவிட்டுத்தான் போனார்கள். யோசித்துச் சொல்வதாகச் சொல்லியிருக்கிறார்கள். இன்னும் தகவல் வரவில்லை. அம்மா ஒரு வாரமாக என்னிடம் பேசுவதில்லை. என் சாப்பாட்டை மூடி வைத்துவிட்டு உள்ளே போய்விடுகிறார். அண்ணா சாயங்காலம் மாடிக்கு வந்து, "நெஜமாவா ஜெயா?" என்றான். ஆமாம் என்றேன். "அப்பவே ஏன் சொல்லல?" என்றான். "பயம்" என்றேன். தண்ணீர்த் தொட்டியின் மூடியை இழுத்து மூடிவிட்டு இறங்கிப் போனான்.

இதனால் உங்களுக்கு ஒரு பிரயோஜனமும் இல்லை என்று தெரியும். நாலு பேர் முன்னால் சொல்லாமல் விட்டதை நாலு பேர் முன்னாலேயே சொல்ல வேண்டும் என்று தோன்றியது, அவ்வளவுதான். போன கடிதத்தில் நான் எழுதிய காரணமெல்லாம் சால்ஜாப்பு. நான் உங்களைக் கைவிட்டேன் அண்ணி. மன்னிப்புக் கேட்கிறேன்.

நம் கட்டங்கள் அத்தனையும் இந்தப் பார்சலில் இருக்கின்றன. உங்கள் வால்களெல்லாம் சொருகியாகிவிட்டது. நான் இப்போது பின்னியவை இன்னும் சின்னதாகவே இருக்கும். ஐந்தாம் நம்பர் ஊசியை நான் தொடவே இல்லை. கோபத்தில் கொடுத்த பொருளை எடுத்துப் பின்னக் கை வரவில்லை. அதையும் வைத்திருக்கிறேன். மொத்தமும் உங்களிடமே இருக்கட்டும்.

நேற்று அதே கனவு மறுபடி வந்தது. இந்த முறை போர்வையில் நடுநடுவே இடைவெளி. என் கட்டங்கள் எட்டாத இடங்கள். அதன் வழியாகக் கீழே ரயில் விளக்குகள் தெரிந்தன. விழுந்துவிடுவேன் என்று பயமாக இல்லை. யாராவது சேர்த்துத் தைக்க மாட்டார்களா என்றுதான் இருந்தது.

ஜெயா


கோவிலம்பாக்கம்
6.4.2025, ஞாயிறு

அன்புள்ள ஜெயா,

ஒரு மாதமாக உனக்குப் பதில் எழுதாமல் பின்னிக்கொண்டிருந்தேன்.

உன் கடிதத்தை நூலகத்தில் பிரிக்கவில்லை. லோக்கல் ரயிலில் ஜன்னலோரம் உட்கார்ந்து படித்தேன். ஊரப்பாக்கம் வருவதற்குள் எழுத்து தெரியவில்லை. எதிரில் இருந்த அம்மா தன் தண்ணீர் பாட்டிலை நீட்டினார். வாங்கிக் குடித்தேன். தாம்பரத்தில் இறங்கி, நீ என்னை இறக்கிவிட்ட அந்த இடத்தில் கொஞ்ச நேரம் நின்றேன். இப்போது அங்கே ஒரு இளநீர் வண்டி நிற்கிறது.

உன் அம்மா எத்தனை நாள் பேசாமல் இருந்திருப்பார் என்று எனக்குத் தெரியும். பதினைந்து நாள் தாண்டியிருக்காது. எனக்கு ஒரு முறை பதிமூன்று நாளில் முடிந்தது. சாப்பாட்டை மூடி வைத்தார் என்றால் பயப்பட ஒன்றுமில்லை.

கட்டங்களைத் தரையில் பரப்பினேன். என் ஹால் முழுக்க நிறம். உன் ஏரி, உன் ஸ்கூல் பஸ், என் நூலகத்து ஜன்னல், நாம் இரண்டு பேரும் ஒரே நாளில் பின்னிய அந்த மழைச் சாம்பல். நாள் கணக்கில் அதைச் சுற்றிச் சுற்றி நடந்தேன். உன் புதுக் கட்டங்கள் சின்னவை, மற்றவை பெரியவை. இணைத்தால் சுருங்கும். பிரித்து மறுபடி பின்னலாம் என்றுகூட எடுத்தேன். மனசு வரவில்லை. அன்றன்றைக்கு நீ இருந்த நிலையில் பின்னியது அது.

கடைசியில், இந்த ஐந்தாம் நம்பர் ஊசியை எடுத்து, உன் சின்னக் கட்டம் ஒவ்வொன்றையும் சுற்றி நான் இன்னொரு சுற்று போட்டேன். இப்போது எல்லாம் ஒரே அளவு. பிறகு இணைத்துவிட்டேன். உன் கனவில் வந்த இடைவெளி எங்கேயும் இல்லை. நேற்று ஃபேனை ஐந்தில் வைத்துவிட்டு, ஏப்ரல் மாத வெயிலில், அதைப் போர்த்திக்கொண்டு மத்தியானம் தூங்கினேன். நல்ல தூக்கம்.

ஒரு குறைதான். சுற்றுப் போட்ட இடத்திலும் இணைத்த இடத்திலும் வால்கள் தொங்குகின்றன. நூற்றுக்கு மேல் இருக்கும். அது எந்தக் காலத்திலும் என் வேலை இல்லை என்று உனக்கே தெரியும். அப்படியே விட்டு வைத்திருக்கிறேன்.

சனிக்கிழமை காலையில் வா. கண் பெரிதாக இருக்கிற உன் ஊசியை மறக்காதே. வீட்டு விலாசமும் புது நம்பரும் பின்பக்கத்தில் இருக்கின்றன. மூன்று மாடி ஏற வேண்டும், மெதுவாக ஏறு. கீழே வண்டி நிறுத்த இடம் உண்டு. ஸ்கூட்டரிலேயே வா. இந்த முறை நீ என்னை எங்கேயும் கொண்டுபோய் விட வேண்டாம்.

உன்,
அண்ணி